வாஷிங் மெஷின் மோட்டாரும் ஓடைத் தண்ணீரும்

நான் செத்துப் போய்விட்டேனா என்று பார்க்க நான்கு பேர் வந்தார்கள்.

கார்த்திகை மாதம். மழை நாள் கணக்கில் விடாமல் பெய்துகொண்டிருந்தது. நான் அடுப்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். தகரக் கூரையில் விழுகிற மழைச் சத்தத்தில் வெளியே யார் வந்தாலும் கேட்காது. வாசலில் நிழல் தட்டியதும் நிமிர்ந்தேன்.

என் கணவரின் தம்பி கணேசன் நின்றிருந்தார். வேட்டியில் முழங்கால் வரைக்கும் சேறு. அவருக்குப் பின்னால் அவர் மனைவி சாந்தி. அப்புறம் ராஜபாளையத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். கடைசியாகக் கார் ஓட்டி வந்த பையன், கையில் வாழையிலைப் பொட்டலம் ஒன்றுடன்.

கணேசன் என்னையே பார்த்தார். பிறகு நிலைப்படியிலேயே உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார்.

"என்னாச்சு? யாருக்கு என்ன?" பதறி எழுந்தேன். மடியிலிருந்த கீரை தரையெல்லாம் சிதறியது.

"உங்களுக்குத்தான்க்கா," என்றாள் சாந்தி.

விஷயம் இதுதான். என் போன் இரண்டு நாளாக அணைந்து கிடந்தது. புனேயில் வேலை பார்க்கிற என் மகள் நித்யா கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். "சித்தப்பா, அம்மாவுக்கு என்னமோ ஆயிருச்சு, போய்ப் பாருங்க" என்று அழுதிருக்கிறாள்.

அழுகை நின்றதும் கணேசனுக்குக் கோபம் வந்தது. "ஒத்தயில இந்தக் காட்டுக்குள்ள உக்காந்துகிட்டு, போனையும் அமத்தி வச்சா நாங்க என்னத்த நெனைக்க மதினி? வார வழியெல்லாம் எனக்கு உசுரு இல்ல."

"நான் அமத்தலப்பா. சார்ஜ் இல்ல. வெயில் அடிச்சு எம்புட்டு நாளாச்சு, பாருங்க."

"அதத்தான் சொல்லுதேன். தை பொறந்ததும் வீட்டுக்கு வந்திருங்க. இல்லன்னா நானே வண்டி கொண்டாந்து சாமானெல்லாம் ஏத்திருவேன்."

அந்தப் பையன் பொட்டலத்தை வைத்துக்கொண்டு தவித்தபடி நின்றான். அதில் என்ன என்று கேட்டேன். எல்லோரும் வேறு வேறு பக்கம் பார்த்தார்கள். வாங்கிப் பிரித்தேன். ரோஜாப்பூ மாலை. வழியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் நிறுத்தி, எதற்கும் இருக்கட்டும் என்று வாங்கியிருக்கிறார்கள்.

நல்ல கட்டு மாலை. வீணாக்க மனமில்லாமல் என் வீட்டுக்காரர் படத்துக்குப் போட்டேன். நான்கு பேருக்கும் சோறு வடித்தேன்.

அவர் வாழாத வீடு

தோப்பு, வத்திராயிருப்பு போகிற சாலையில் இறங்கி மலையைப் பார்த்து நடந்தால் வரும். மாமரங்களும் கொஞ்சம் தென்னையும். மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் என் வீட்டுக்காரர் ஆசைப்பட்டு வாங்கியது. இரண்டு அறையும் ஒரு அடுப்படியுமாக வீடும் கட்டினார். பால் காய்ச்ச நாள் குறித்திருந்தோம். அதற்கு முந்தைய வாரம் மார்வலி வந்து போய்விட்டார்.

ஒரு வருஷம் ராஜபாளையத்து வீட்டிலேயே இருந்து பார்த்தேன். அவர் மூக்குக் கண்ணாடி வைக்கிற இடம், செருப்பு விடுகிற மூலை, வெந்நீர் கலக்கிற வாளி என்று ஒவ்வொன்றும் அவர் இல்லை, அவர் இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தன. தோப்பு வீட்டில் அவர் ஒரு நாள்கூட வாழ்ந்ததில்லை. அங்கே போனால் அவர் இல்லாதது அவ்வளவாகத் தெரியாது என்று கணக்குப் போட்டுப் போனேன்.

கணக்கு தப்பு. அது முதல் வாரமே தெரிந்துவிட்டது. ஆனாலும் திரும்பவில்லை.

ஒருமுறை சாமான் வாங்க பஸ் ஏறி, கண்டக்டரிடம் "ஸ்ரீவில்லிபுத்தூர் ஒண்ணு" என்று சொல்ல வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. எத்தனை நாளாக நேரில் யாரிடமும் பேசாமல் இருந்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. இருமிவிட்டு மறுபடி சொன்னேன்.

தினமும் பேசுகிற ஒரே ஆள் நித்யாதான். வேலை முடிந்து வந்ததும் கூப்பிடுவாள். மூன்று கேள்வி. சாப்பிட்டியா? மாத்திரை போட்டியா? சார்ஜ் எம்புட்டு இருக்கு? அவ்வளவுதான். அந்தக் குரலுக்காகவே மத்தியானத்திலிருந்து போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருப்பேன்.

கரண்டுக் கம்பம் எங்கள் தோப்புக்கு வெகுதூரம் முன்னாலேயே நின்றுவிட்டது. நடுவில் காட்டு நிலம். அது தாண்டி வராது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதனால் கூரைமேல் ஒரு சோலார் தகடு, வீட்டுக்குள் ஒரு பேட்டரி. வெயில் காலத்தில் குறை சொல்ல முடியாது. ஐப்பசி பிறந்து மேகம் மலையில் வந்து உட்கார்ந்துவிட்டால் தகடு தூங்கிவிடும்.

அந்த நாலு பேரும் மழையில் இறங்கிப் போன பிறகு வாசலில் நின்றேன். வெயில் இல்லை. ஆனால் தோப்பின் மேல் கோடியில் ஓடை பொங்கிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. இரவும் பகலும் நிற்காத சத்தம். அதைக் கேட்டுக்கொண்டே போன் சார்ஜுக்கு வழியில்லாமல் உட்கார்ந்திருக்கிறேன், முப்பது வருஷம் பௌதிகம் சொல்லிக் கொடுத்தவள்.

எரியாத பல்பு

பத்தாம் வகுப்புக்கு டைனமோ பாடம் நடத்தாத வருஷம் கிடையாது. காந்தத்துக்கு நடுவே கம்பிச்சுருள் சுற்றினால் மின்சாரம் பிறக்கும் என்று பிள்ளைகள் கோரஸாகச் சொல்லுவார்கள். லேப் அலமாரியில் கைப்பிடி வைத்த டைனமோ ஒன்று உண்டு. நான் வேலையில் சேர்வதற்கு முன்பே பழுதானது. ஒவ்வொரு வருஷமும் அதை மேசைமேல் வைத்துச் சுற்றிக் காட்டி, "இப்போது பல்பு எரிவதாக வைத்துக்கொள்ளுங்கள்" என்பேன். லேப் அறையைப் பற்றிப் போன வாரம் இந்தத் தொடரில் நான் எழுதியதைப் படித்த பழைய மாணவி ஒருத்தி, "அந்தப் பல்பு இன்னும் எரியவில்லையா டீச்சர்?" என்று கேட்டு அனுப்பியிருந்தாள்.

எனக்கு நிஜமாக வெளிச்சம் கொடுத்த டைனமோ, கல்யாணமான புதிதில் அவர் சைக்கிளில் இருந்ததுதான். டயரில் உரசிக்கொண்டு கிர்ரென்று சத்தம் போடும். அவர் மிதிக்கிற வேகத்துக்கு வெளிச்சம் கூடும், குறையும். மேட்டில் ஏறும்போது மஞ்சளாக மங்கிவிடும். வெளிச்சத்தைப் பார்த்தே அவர் எவ்வளவு களைத்துப்போய் வருகிறார் என்று சொல்லிவிடுவேன்.

போர்டு போச்சு, மோட்டார் இருக்கு

ராஜபாளையத்து வீட்டில் மாடிப்படிக்கு அடியில் ஒரு வாஷிங் மெஷின் கிடந்தது. நித்யா வேலைக்குப் போன புதிதில் வாங்கிக் கொடுத்தது. நின்றுபோனபோது பார்க்க வந்த மெக்கானிக், "போர்டு போச்சு டீச்சர். இந்த மாடலுக்கு இனிமே போர்டு வராது. மோட்டாரு அப்படியே புதுசு மாதிரி இருக்கு, அதான் வயித்தெரிச்சல்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மழை சற்று விட்ட ஒரு நாளில் போய் அதைக் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கத் தகட்டைக் கழற்றினேன். பெல்ட் இல்லாத மோட்டார். வட்டமாக அடுக்கிய கம்பிச்சுருள்கள். அதன்மேல் கவிழ்த்தாற்போல் அகலத் தட்டு ஒன்று. தட்டின் உள்விளிம்பெல்லாம் காந்தம். கரண்டு கொடுத்தால் தட்டு சுற்றும். தட்டைச் சுற்றினால் கரண்டு கொடுக்க வேண்டும். பாடம் அப்படித்தான் சொல்கிறது.

ஒயர் நுனிகளில் ஒரு சின்ன பல்பைத் தொடுத்துவிட்டு, கையால் தட்டை ஒரு சுழற்று சுழற்றினேன். பல்பு கண் சிமிட்டிவிட்டு அணைந்தது.

மோட்டாரைச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடிமேல் வைத்துக்கொண்டு தோப்புக்கு வந்தேன்.

சிரட்டையும் குழிக்கரண்டியும்

ஓடைக்கும் வீட்டுக்கும் இடையே இரண்டு தென்னை உயரத்துக்குச் சரிவு. மரங்களுக்குத் தண்ணீர் விட அவர் போட்டுவைத்த கருப்பு ஓஸ் குழாய் மேலிருந்து கீழ்வரை கிடக்கிறது. அதன் வாயைச் சிறிதாக்கினால் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். அடிக்கிற தண்ணீரை வாங்கிக்கொண்டு சுற்ற ஒரு சக்கரம் வேண்டும்.

முதலில் தேங்காய்ச் சிரட்டைகளை ஒரு பழைய பலகைச் சக்கரத்தைச் சுற்றி ஆணி அடித்தேன். தண்ணீரைத் திறந்ததும் சக்கரம் சுற்றத்தான் செய்தது. அதன் பிறகு சிரட்டைகள் ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டு பறந்தன. ஒன்று என் முழங்கையைப் பதம் பார்த்துவிட்டுப் போனது.

ஸ்ரீவில்லிபுத்தூர் பாத்திரக்கடையில் போய்க் குழிக்கரண்டி கேட்டேன். ஒரே அளவில், கனமாக, ஒரு டஜனுக்கு மேல்.

"கல்யாண வீடா டீச்சர்?" என்றார் கடைக்காரர்.

"இல்ல, வீட்டுக்குத்தான்."

"வீட்டுல எத்தனை பேரு?"

"நான் ஒருத்திதான்."

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. பொட்டலம் கட்டும்போது மட்டும் இரண்டு தடவை நிமிர்ந்து பார்த்தார்.

லேத் பட்டறை அந்தோணி, இரும்பு வட்டத்தைச் சுற்றிக் கரண்டிகளை வெல்டிங் வைத்து, மோட்டார் தட்டோடு பொருந்துகிற மாதிரி நடுவில் துளையும் போட்டுக் கொடுத்தார். எங்கே வைக்கப்போகிறேன் என்று கேட்டார். சொன்னேன்.

"தண்ணி நிக்காம வருமா டீச்சர்?"

"மாசி வரைக்கும் வரும். அதுக்குப் பொறவு வெயில் இருக்கே."

"அப்ப மோட்டாரு மேல தண்ணி தெறிக்காம ஒரு மூடி போட்டுத் தாரேன். பேரிங்குல தண்ணி போச்சுன்னா கதை முடிஞ்சுது."

கருகல் வாசனை

சரிவின் அடியில், வீட்டுக்குச் சற்று மேட்டில் எல்லாம் பொருத்தியாயிற்று. மோட்டாரிலிருந்து வருகிற கரண்டைப் பேட்டரிக்கு ஏற்றமாதிரி நேர்மின்சாரமாக்க ரெக்டிஃபையர் என்கிற ஒரு சின்னக் கட்டை, அங்கிருந்து ஒயர் இழுத்து வீட்டுக்குள் சோலாருக்காக ஏற்கெனவே இருந்த சார்ஜ் பெட்டி. குழாயைத் திறந்தேன். சக்கரம் மெல்ல ஆரம்பித்து, கரண்டிகள் தனித்தனியாகத் தெரியாத அளவுக்கு வேகம் பிடித்தது.

வீட்டுக்கு ஓடி வந்தேன். வாசலிலேயே வாசனை வந்துவிட்டது. வெல்லப்பாகு அடிப்பிடித்த மாதிரி. சார்ஜ் பெட்டியிலிருந்து புகை.

உட்கார்ந்து யோசித்தபோது புரிந்தது. மோட்டாருக்குள் சுருள்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்திருக்கின்றன. தொடராக இணைத்தால் மின்னழுத்தம் கூடிக்கொண்டே போகும். ஒன்பதாம் வகுப்புப் பாடம். அதை எழுதாத பிள்ளைகளுக்கு நான் மார்க் குறைத்திருக்கிறேன். சிரிப்பு வந்தது. சத்தமாகவே சிரித்தேன். கூடச் சிரிக்க ஆள் இல்லாதபோது சிரிப்பு எங்கே நிற்க வேண்டும் என்று தெரியாமல் போய்விடுகிறது.

பெட்டி போனதால் இருந்த சோலாரும் போயிற்று. மறுநாளே போன் அணைந்தது. சாலை வரை நடந்து போய், டீக்கடைக்காரரின் போனை வாங்கி நித்யாவைக் கூப்பிட்டேன். தெரியாத நம்பர் என்று எடுக்கவில்லை. மூன்றாம் முறை எடுத்தாள்.

"நித்யா, நான்தான். நல்லாத்தான் இருக்கேன். போன்தான் செத்துப்போச்சு."

"அம்மா, வந்துரும்மா" என்றாள். "ஒவ்வொரு தடவையும் போன் அணைஞ்சிருக்கும்போது எனக்கு எப்படி இருக்கும்னு யோசிச்சியா? அப்பா விஷயத்துல காலைல பேசினேன், சாயங்காலம் இல்ல. இன்னொரு தடவை என்னால முடியாதும்மா."

டீக்கடையில் நாலு பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "கொஞ்ச நாள் பொறுத்துக்கோ" என்று மட்டும் சொன்னேன்.

ஏங்க

மோட்டாரைத் தூக்கிக்கொண்டு ராஜபாளையம் போனேன். மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை ஒன்றில் ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கி உட்கார்ந்து, சுருள்களின் இணைப்பை ஒவ்வொன்றாக வெட்டி, மின்னழுத்தம் கூடாதபடி பக்க இணைப்பாக மாற்றி ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். கண்ணில் நீர் வழிந்தது; புகையால்தான். கடைக்காரர் வேலையைப் பார்த்துக்கொண்டே ஒரே ஒரு தடவை, "அந்த நுனிய மாத்திப் புடிங்க டீச்சர்" என்றார். சரியாகத்தான் சொன்னார்.

முள் மீட்டர் வைத்த புதிய சார்ஜ் பெட்டியோடு திரும்பினேன். மார்கழி பிறந்துவிட்டது. மத்தியானமே பொழுது சாய்ந்த மாதிரி இருட்டிக் கிடந்தது. இந்த முறை குழாயைக் கொஞ்சமாகத் திறந்து, வீட்டுக்கு நடந்து வந்து மீட்டரைப் பார்த்து, மறுபடி மேடேறிப் போய் இன்னும் கொஞ்சம் திறந்து, மறுபடி இறங்கி வந்து பார்த்தேன். முள் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. கருகல் வாசனை இல்லை. பேட்டரியில் சார்ஜ் ஏற ஆரம்பித்தது.

அடுப்படி பல்பின் சுவிட்சைப் போட்டேன். எரிந்தது. வெள்ளையாக, ஒரு நடுக்கமும் இல்லாமல்.

"ஏங்க! இங்க வந்து பாருங்களேன்!"

கூப்பிட்ட பிறகுதான் என் குரல் எனக்கே கேட்டது. அறையைப் பார்த்துத் திரும்பிக்கூட நின்றிருக்கிறேன். கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "என்னத்த செஞ்சு வச்சிருக்க?" என்று கேட்டபடி வர வேண்டிய ஆள் வரவில்லை.

இந்த வீட்டில் அவரை நான் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. வெளிச்சம் முழுதும் முகத்தில் விழ, அங்கேயே தரையில் உட்கார்ந்து, அவர் போன நாளில்கூட அழாத மாதிரி அழுதேன்.

பிறகு எழுந்து போனை சார்ஜில் போட்டேன். பல்பைப் படம் எடுத்து நித்யாவுக்கு அனுப்பினேன். "சூப்பர்மா! மீட்டிங்ல இருக்கேன்" என்று பதில் வந்தது.

ஒரு வாரம் கழித்து யானை ஒன்று குழாயை மிதித்து நசுக்கிவிட்டுப் போனது. லத்தி இன்னும் சூடாகக் கிடந்தது. யாரிடம் போய்ப் புகார் சொல்ல? நசுங்கிய துண்டை வெட்டி எடுத்துவிட்டு ஒட்டுப் போட்டேன். அதற்கெல்லாம் பழகிவிட்டிருந்தேன்.

வெறும் வண்டி

பொங்கல் கழிந்து கணேசன் வந்தார். சொன்ன மாதிரியே மினி லாரியோடு.

கூட்டிக்கொண்டு போய்ச் சக்கரத்தைக் காட்டினேன். குத்தவைத்து உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். தெறிக்கிற தண்ணீரைக் கையில் ஏந்தினார். கரண்டிகளை அடையாளம் கண்டதும், "இது குழம்புக் கரண்டிதான மதினி?" என்று கேட்டுச் சிரித்தார். வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டு அணைத்து, போட்டு அணைத்துப் பார்த்தார். தன் போனைச் சார்ஜில் போட்டு, அது ஏறுகிறதா என்று கண்ணெடுக்காமல் நின்றார்.

"எங்கண்ணன் மட்டும் இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை.

சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது, "சரி மதினி, நீங்க இங்கனயே இருங்க. இனி எங்களுக்குக் கவல இல்ல" என்றார்.

வெறும் வண்டி கல்லும் குழியுமான பாதையில் தடதடவென்று இறங்கிப் போகிற சத்தம் நெடுநேரம் கேட்டது. ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் அன்று எல்லா விளக்குகளையும் போட்டு வைத்திருந்தேன்.

கவலை இல்லை என்று அவர் சொன்னது எத்தனை உண்மை என்பது பிறகுதான் தெரிந்தது. முன்பெல்லாம் பதினைந்து நாளைக்கு ஒருமுறை, ஏதோ காய்கறி கொடுக்கிற சாக்கில் எட்டிப் பார்ப்பார். அது நின்றது. நித்யாவின் சாயங்காலப் போன் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆகி, பிறகு ஞாயிற்றுக்கிழமைக்கு என்று ஆனது. அவளைக் குறை சொல்வதற்கில்லை. தலைக்குமேல் வேலை.

"காலைல குட் மார்னிங் போடுறேன்ல, ரெண்டு டிக் விழுந்துருதும்மா. போன் ஆன்ல இருக்கு, நீ நல்லா இருக்கன்னு தெரிஞ்சுக்கிடுவேன். எம்புட்டு நிம்மதி தெரியுமா?" என்றாள்.

போன் எப்போதும் நூறில் நின்றது. அதை மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னைப் பற்றிய பயம்தான் இத்தனை நாளும் அவர்களை என்னிடம் பேச வைத்திருக்கிறது. அந்தப் பயத்தை நானே, என் கையாலேயே, கரண்டி கரண்டியாக எடுத்துப் போட்டுவிட்டேன்.

குழாயை மூடிவிட்டால் போதும், இரண்டு நாளில் கார் வந்துவிடும் என்றும் ஒரு நாள் நினைத்தேன். மேடேறிப் போய்க் குழாய்த் திருகு மேல் கையை வைத்தது வரைக்கும் உண்டு. பெற்ற பிள்ளையைப் பயமுறுத்தித்தானா கூப்பிட வேண்டும்? கையை எடுத்துவிட்டேன்.

இறங்கி வந்து போனை எடுத்தேன். வேலை நாள், மத்தியானம். அவள் வேலை நேரத்தில் நான் கூப்பிட்டதே இல்லை. ஒரே மணியில் எடுத்துவிட்டாள்.

"அம்மா! என்னாச்சு? கரண்டு போயிருச்சா?"

"இல்லட்டி. கரண்டு இருக்கு. அதான் கூப்பிட்டேன்."

கோபித்துக்கொள்வாளோ என்று நினைத்தேன். நாற்காலி நகர்கிற சத்தம், கதவு சாத்துகிற சத்தம்.

"வேலை நெறைய கெடக்கும்மா," என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. "நீ வைக்காத. பேசினாலும் பேசு, பேசாட்டியும் பரவால்ல. நான் பாட்டுக்கு வேலையப் பாக்கேன்."

போனை அடுப்படி மேடையில் சாய்த்து வைத்தேன். அவள் தட்டச்சு செய்கிற சத்தம் கேட்டது. நான் அரிசி களைந்தேன், வெங்காயம் நறுக்கினேன். நடுவில் ஒருமுறை, "என்னம்மா தாளிக்கிற?" என்றாள். "ரசம்" என்றேன். "ம்" என்றாள். பிறகு மறுபடி தட்டச்சுச் சத்தம்.

அவள் ஆபீஸ் முடிகிற வரைக்கும் இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.